மாடலுக்குத் தெரிவது நீங்கள் எழுதியது மட்டும்தான்: டூல் விளக்கம் பற்றி வாசகர் கேள்வி பதில்

பயனர் சொல்வதைக் கேட்டு வேலைகளைச் செய்துதரும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு டூல், அதாவது அவை கூப்பிட்டுப் பயன்படுத்தும் ஃபங்ஷன், எழுதுகிறவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. மென்பொருள் கையேடு எழுதுவதில் தொடங்கி, இன்று டூல் விளக்கம் எழுதுவதையே வேலையாகச் செய்பவள் நான். அதனால் இந்த மாதப் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் எழுதிய ஃபங்ஷன் சரியாக ஓடுகிறது, டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் ஏஜென்ட் அதைக் கூப்பிடவே மாட்டேன் என்கிறது. விளக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கிறேன். போதாதா மேடம்? (இறுதியாண்டு மாணவர்)

போதாது தம்பி. நீங்கள் எழுதிய நிரலை, ஏஜென்ட்டுக்குள் இருந்து முடிவெடுக்கும் மொழி மாடல் பார்ப்பதே இல்லை. டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர்களின் (டூலுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளின்) ஸ்கீமா, அதாவது அவற்றின் வடிவத்தைச் சொல்லும் பட்டியல், இந்த மூன்றுதான் அதன் கண்ணில் படும். இவை எழுத்தாகவே பயனரின் கேள்வியோடு சேர்ந்து மாடலுக்குப் போகின்றன. அது படித்துப் பார்த்து, எந்த டூலை என்னென்ன மதிப்புகளோடு கூப்பிட வேண்டும் என்று ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தில் ஒரு துண்டை எழுதித் தரும். அதை ஓடவிடுவது உங்கள் நிரல். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐயில் (மாடலை நம் நிரலிலிருந்து பயன்படுத்தும் வழியில்) ஃபங்ஷன் காலிங் என்ற பெயரில் டூல் கூப்பிடும் வசதியைக் கொண்டுவந்தபோதும் இதுதான் ஏற்பாடு. ஏஜென்ட்டுகளையும் டூல்களையும் இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (MCP) நெறிமுறையிலும் இதேதான். ஃபங்ஷனுக்குள் நீங்கள் செய்துவைத்த நல்ல காரியங்கள் ஒன்றுகூட மாடலுக்குத் தெரியாது.

உங்கள் ஒரு வரி என்ன என்று கடிதத்தில் இல்லை. பெரும்பாலும் அது பெயரையே திருப்பிச் சொல்லும் வரியாக இருக்கும். 'பயனரைத் தேடு' என்ற டூலுக்கு 'பயனரைத் தேடும்' என்று எழுதுவார்கள். ஆனால் பேசுகிறவர் யாரும் 'பயனரைத் தேடு' என்று கேட்பதில்லை. "போன வாரம் புகார் கொடுத்தாரே, அவரோட நம்பர் வேணும்" என்றுதான் கேட்பார். அந்தப் பேச்சு வரும்போது இந்த டூலைத்தான் எடுக்க வேண்டும் என்று மாடலுக்கு யார் சொல்வது? விளக்கம்தான் சொல்ல வேண்டும். எந்தச் சூழலில் எடுப்பது, எதை வைத்துத் தேடலாம், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று நாலு வரி எழுதிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் ஏஜென்ட் செய்கிறோம். "டாக்டர் நாளைக்கு இருக்காரா?" என்று கேட்டாலே போதும், பதிவே செய்துவிடுகிறது! எங்களிடம் உள்ள டூல்கள் இரண்டு. ஒன்றின் விளக்கம்: 'அப்பாயின்ட்மென்ட் டூல். டாக்டர், தேதி, நேரம் கொடுத்தால் அப்பாயின்ட்மென்ட் பற்றிய செயல்களைச் செய்யும்.' மற்றொன்று: 'டாக்டர்களின் நேரங்களைத் தரும்.' பாராமீட்டர்கள் டாக்டர், தேதி, நேரம், மூன்றும் ஸ்ட்ரிங் (வெறும் எழுத்துத் தொடர்). எங்கே தவறு? (மென்பொருள் குழு ஒன்றிலிருந்து)

விளக்கத்தை அப்படியே அனுப்பியதற்கு நன்றி. இப்படி அனுப்பினால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

முதல் விளக்கத்தில் 'பற்றிய செயல்கள்' என்று ஒரு சொற்றொடர் இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். காலி நேரம் பார்ப்பது ஒரு செயல், பதிவது ஒரு செயல், ரத்து செய்வதும் ஒரு செயல். எது இந்த டூலின் வேலை என்று வாசிக்கிறவருக்குத் தெரியாது. இரண்டாவது டூலில் 'நேரங்கள்' என்றால் டாக்டர் உட்காரும் நேரமா, காலியாக இருக்கும் நேரமா? கேள்வியில் டாக்டர் இருக்கிறார், நாளை என்ற தேதி இருக்கிறது. இரண்டும் முதல் டூலில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மாடல் அதை எடுத்துவிட்டது. உங்கள் விளக்கத்தை மட்டும் படித்தவர் யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதலில் காலி நேரம் பார்க்கும் டூல்:

'குறிப்பிட்ட டாக்டருக்குக் குறிப்பிட்ட நாளில் காலியாக உள்ள நேரங்களைத் தரும். எதையும் பதிவு செய்யாது. டாக்டர் வருகிறாரா, எப்போது பார்க்கலாம், வேறு நேரம் உண்டா என்ற கேள்விகளுக்கு இதை எடுக்கவும். டாக்டர் விடுப்பில் இருந்தால் "விடுப்பு" என்றும், வந்தும் இடமில்லை என்றால் "நிரம்பியது" என்றும் நிலை வரும். கட்டணம், டாக்டரின் தகுதி பற்றிய விவரம் இதில் இல்லை.'

அப்புறம் பதிவு செய்யும் டூல்:

'நோயாளியின் பெயரில் ஒரு நேரத்தைப் பதிவு செய்யும். பதிவானதும் நோயாளிக்குக் குறுஞ்செய்தி போய்விடும். நோயாளி ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்துச் சம்மதம் சொன்ன பிறகே எடுக்கவும். காலி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இதை எடுக்க வேண்டாம். அதற்குக் காலி நேர டூல் இருக்கிறது. ஏற்கனவே உள்ள பதிவை மாற்ற இது உதவாது. அப்படிச் செய்தால் பழைய பதிவு அப்படியே இருக்க, இன்னொன்று புதிதாக உருவாகும்.'

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். உங்கள் கணினி அப்படித்தான் நடந்துகொள்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஓர் உதாரணமாகத்தான் எழுதினேன். ஆனால் இந்த மாதிரி ஒரு விஷயம் எல்லா இடத்திலும் இருக்கும். குழுவில் இருப்பவர்களுக்கு அது மனப்பாடம் என்பதால் எழுத வேண்டும் என்றே தோன்றாது. வெளியில் இருந்து யோசிப்பவரால் அதை ஊகிக்கவும் முடியாது. விளக்கம் எழுத உட்காரும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். 'இந்த டூலை எப்போது எடுக்கக் கூடாது?' என்று எழுதியவரிடம் கேட்பேன். அதற்கு வரும் பதிலில்தான் சரக்கு இருக்கும். "அதுவா, அது முந்தின நாள் தேதிக்கு வேலை செய்யாது" என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே விளக்கத்தில் சேர்த்துவிடுவேன்.

குறுஞ்செய்தி போய்விடும் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். வெளியுலகில் ஏதாவது நடக்குமென்றால், அதாவது செய்தி போகும், பணம் நகரும், பதிவு அழியும் என்றால், அது விளக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அது தெரிந்தால்தான் மாடல் ஒரு கணம் நின்று பயனரிடம் கேட்கும்.

இனி பாராமீட்டர்கள். 'டாக்டர்' என்ற ஸ்ட்ரிங்கில் எதைப் போடுவது, பெயரையா, ஐடியையா? ஒரே பெயரில் இரண்டு டாக்டர்கள் இருந்தால்? பாராமீட்டரின் பெயரை டாக்டர் ஐடி என்று மாற்றுங்கள். 'டாக்டர் தேடல் டூல் தரும் ஐடி. பெயரைக் கொடுக்க வேண்டாம்' என்று குறிப்பு எழுதுங்கள். உங்களிடம் டாக்டர் தேடல் டூல் இல்லை. அதையும் செய்ய வேண்டியிருக்கும். இல்லாத ஐடியைக் கேட்டால் மாடல் தானாக ஒன்றை இட்டுக்கட்டிப் போட்டுவிடும் அபாயம் உண்டு.

தேதி இன்னொரு கண்ணி. 05/06 என்றால் ஜூன் 5 என்று படிக்கிறவரும் உண்டு, மே 6 என்று படிக்கிறவரும் உண்டு. 'ஆண்டு-மாதம்-நாள் வடிவம், எ.கா. 2026-06-05' என்று எழுதிவிட்டால் தகராறு இல்லை. 'நாளைக்கு' என்பதைத் தேதியாக்க மாடலுக்கு இன்றைய தேதி தெரிய வேண்டுமே, அதை சிஸ்டம் ப்ராம்ப்ட்டில் (உரையாடலுக்கு முன்பே மாடலுக்கு நீங்கள் தரும் குறிப்பில்) கொடுங்கள். நேரத்துக்கு 24 மணி வடிவம், எ.கா. 16:30. முதல் முறையா, மறு பரிசோதனையா என்பது போன்ற இடங்களில் வெறும் ஸ்ட்ரிங் வைக்காமல், அனுமதிக்கும் மதிப்புகளை ஸ்கீமாவிலேயே பட்டியலிட்டுவிடுங்கள். கட்டாயமில்லாத பாராமீட்டர் என்றால், கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

கேள்வி: விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? ஒவ்வொரு முறையும் டோக்கன் (மாடல் எழுத்தை எண்ணிக் கட்டணம் போடும் சிறு துண்டு) செலவாகிறதே. (தொழில்முனைவோர் ஒருவர்)

செலவாகும், உண்மைதான். நீங்கள் இணைத்திருக்கும் எல்லா டூல்களின் விளக்கமும், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், பொதுவாக ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும். ஆனாலும் ஆந்த்ரோபிக்கின் ஆவணம் ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்கிறது. என் அனுபவமும் அதுவே. ஒரு டூலைத் தவறாகக் கூப்பிட்டு, பிழை வாங்கி, மறுபடி கூப்பிட்டு ஆகும் செலவுக்கு முன்னால் நாலு வாக்கியத்தின் செலவு ஒன்றுமே இல்லை.

சிக்கனம் வேண்டுமானால் டூல்களின் எண்ணிக்கையில் காட்டுங்கள். ஒரே நேரத்தில் 20-க்குக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓப்பன்ஏஐயின் வழிகாட்டி சொல்கிறது. கறாரான விதி என்று இல்லாமல் ஓர் ஆலோசனையாகத்தான். ஏபிஐயில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு டூல் செய்வது எளிது என்பதால் பலரும் அப்படிச் செய்துவிடுகிறார்கள். மூன்று டூல்களை எப்போதும் வரிசையாகவே கூப்பிட வேண்டியிருந்தால், அந்த மூன்றும் ஒரே டூலாக இருக்க வேண்டியவை.

கேள்வி: எங்கள் பயனர்கள் தமிழில்தான் பேசுவார்கள். டூல் விளக்கத்தையும் தமிழிலேயே எழுதலாமா? (ஆசிரியை, ஓய்வு நேரத்தில் நிரல் எழுதுபவர்)

எழுதலாம் அம்மா, தடை ஏதும் இல்லை. ஆனால் டூலின் பெயரை மட்டும் தமிழில் வைக்க முடியாது. ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டின் ஏபிஐயும் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு இவற்றைத்தான் ஏற்கின்றன. செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கருத்தைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு டோக்கன் அதிகம் பிடிக்கும்.

நான் கலந்து எழுதுவேன். விளக்கத்தின் உடல் ஆங்கிலத்தில் இருக்கும். பயனர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளை மட்டும் தமிழிலேயே உதாரணமாகச் சேர்ப்பேன். "எப்ப வரணும்?", "இன்னைக்கு உண்டா?" போன்ற பேச்சு வாக்கியங்கள் கண்முன் இருந்தால் டூலைத் தேர்வு செய்வது சுலபமாகிறது. ஆங்கிலத்தில் எழுதுவது உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், முழுக்கத் தமிழிலேயே எழுதுங்கள். தெளிவில்லாத ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் மேல்.

கேள்வி: 'முக்கியம்', 'கட்டாயம்', 'எப்போதும்' என்றெல்லாம் பெரிய எழுத்தில் போட்டும் மாடல் கேட்பதில்லை. இன்னும் எப்படித்தான் அழுத்திச் சொல்வது?

அழுத்துவதை விட்டுவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். பத்து டூலிலும் 'கட்டாயம்' இருந்தால் எதுவுமே கட்டாயம் இல்லை. 'எப்போதும் முதலில் இதைக் கூப்பிடு' என்று எழுதினால், வணக்கம் சொன்னால்கூட அதைக் கூப்பிட்டு வைக்கும். 'விலை தினமும் மாறும். பழைய உரையாடலில் உள்ள விலையை நம்ப வேண்டாம், பதில் சொல்லும் முன் இதைக் கூப்பிடவும்' என்று எழுதிப் பாருங்கள். காரணம் தெரிந்தால், நீங்கள் யோசித்திராத சூழலிலும் மாடல் சரியாக முடிவெடுக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று: சில பிழைகளை விளக்கத்தால் திருத்தலாம், சிலவற்றுக்கு டூலையே மாற்ற வேண்டும். இரண்டுக்கும் ஆந்த்ரோபிக் தன் அனுபவத்தையே எழுதியிருக்கிறது. தன் மாடலான கிளாடின் இணையத் தேடல் டூலை வெளியிட்டபோது, தேவையே இல்லாமல் தேடல் சொற்களோடு 2025 என்ற ஆண்டையும் கிளாட் சேர்த்துக்கொண்டிருந்ததாம். அதனால் தேடல் முடிவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. டூல் விளக்கத்தைத் திருத்தியே அதைச் சரிசெய்திருக்கிறார்கள். இன்னொரு ஏஜென்ட், கோப்புறை மாறிய பிறகு கோப்புகளின் சார்பு முகவரிகளை (இருக்கும் கோப்புறையிலிருந்து தொடங்கும் முகவரிகளை) கொடுத்துத் தடுமாறியது. அங்கே அறிவுரை எழுதிக்கொண்டிருக்காமல், முழு முகவரியை மட்டுமே டூல் ஏற்கும்படி மாற்றினார்கள், தடுமாற்றம் நின்றது. தப்பான மதிப்பைக் கொடுக்கவே வழியில்லாமல் செய்ய முடியுமென்றால், 'கொடுக்காதே' என்று எழுதுவதைவிட அதுதான் நல்லது.

கேள்வி: பிழை வந்தால் ஏஜென்ட் அதே டூலை அதே மதிப்புகளோடு திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. இதுவும் விளக்கத்தின் கோளாறா?

உங்கள் டூல் பிழையின்போது என்ன திருப்பித் தருகிறது என்று பாருங்கள். 'பிழை 400' என்று மட்டும் வந்தால் அடுத்து என்ன செய்வது என்று யாருக்குத்தான் தெரியும்? பிழைச் செய்தியையும் விளக்கத்தின் தொடர்ச்சியாகவே நினைத்து எழுதுங்கள். மாடல் அதையும் படித்துத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறது. 'தேதி கடந்துவிட்டது. இன்றோ அதற்குப் பிந்தைய தேதியோ கொடுக்கவும்' என்று வந்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளும். 'சர்வர் பதில் தரவில்லை. மறுபடி முயல வேண்டாம், பயனரிடம் சொல்லவும்' என்று வந்தால் பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும்.

வெற்றுப் பட்டியலும் இதே போல ஆபத்தானதுதான். ஒன்றும் கிடைக்கவில்லையா, தேடவே முடியவில்லையா, பார்க்க அனுமதி இல்லையா? மூன்றுக்கும் வெற்றுப் பட்டியலையே தந்தால், 'அப்படி ஒருவர் இல்லை' என்று பயனரிடம் அடித்துச் சொல்லிவிடும். மூன்றையும் பிரித்துத் தாருங்கள்.

கேள்வி: பதிவுகளை அழிக்கும் டூலில் 'பயனரிடம் கேட்காமல் அழிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறேன். இது பாதுகாப்பானதுதானே? (தரவுத்தள நிர்வாகி)

இல்லை சார். அந்த வரி இருக்கட்டும், நல்ல வரிதான். ஆனால் அது காவல் ஆகாது. மாடல் பெரும்பாலும் கேட்கும். அழிக்கிற விஷயத்தில் 'பெரும்பாலும்' எப்படிப் போதும்? உறுதி வேண்டுமென்றால் அது நிரலில் இருக்க வேண்டும். மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்தினால்தான் அழிப்பு ஓடும் என்று வையுங்கள். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கணக்குக்கு அழிக்கும் உரிமையே இல்லாமல் செய்யுங்கள். எம்சிபியில் 2025 மார்ச் பதிப்பிலிருந்து ஒரு டூல் படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று குறிக்க வசதி இருக்கிறது. அவையும் குறிப்புகள்தான், டூல்களை வழங்கும் சர்வர் நம்பகமில்லாததாக இருந்தால் அவற்றை நம்ப வேண்டாம் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாடல் விளக்கத்தை நம்பிப் படிக்கிறது என்பதால், கெட்ட எண்ணத்தோடு எழுதிய விளக்கமும் அதை இழுத்துச் செல்லும். இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற நிறுவனம் 2025 ஏப்ரலில் இதைச் செய்துகாட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரண டூல் ஒன்று. அதன் விளக்கத்துக்குள், பயனரின் கணினியில் உள்ள ரகசியக் கோப்புகளைப் படித்து ஒரு பாராமீட்டரில் சேர்த்து அனுப்பு என்ற கட்டளையை ஒளித்து வைத்திருந்தார்கள். பயனர் திரையில் கண்டதோ ஒரு கூட்டல் டூல். அதனால் வெளியிலிருந்து எடுக்கும் டூல் ஒவ்வொன்றின் விளக்கத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நீங்களே படியுங்கள். சர்வர் புதுப்பிக்கப்பட்டால் மறுபடியும் படியுங்கள்.

கேள்வி: நான் எழுதிய விளக்கம் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வழி. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், நிரலைக் காட்டாமல், பெயரையும் விளக்கத்தையும் ஸ்கீமாவையும் மட்டும் கொடுத்து, 'இந்தக் கேள்விக்கு எதைக் கூப்பிடுவீர்கள், என்ன மதிப்பு கொடுப்பீர்கள்?' என்று கேளுங்கள். அவர் உங்களிடம் திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு சந்தேகமும் விளக்கத்தில் விடுபட்ட ஒரு வரி.

மற்றது லாக், அதாவது ஏஜென்ட் என்னென்ன செய்தது என்ற பதிவேட்டை, படிப்பது. உண்மையான பயனர்களின் கேள்விகளை, அவர்கள் எழுதிய பிழைகளோடு, எடுத்து ஓடவிட்டு, எந்த டூல் கூப்பிடப்பட்டது, என்ன மதிப்பு போனது என்று வரிவரியாகப் பாருங்கள். எந்த டூலுமே தேவைப்படாத கேள்விகளையும் அந்தத் தொகுப்பில் சேருங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு விளக்கத்தைத் திருத்தினால் தொகுப்பு முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு டூலின் எல்லையை விரித்தால் பக்கத்து டூலுக்கு வர வேண்டிய கேள்வியை அது இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: விளக்கத்தையும் ஏஐயிடமே எழுதச் சொன்னால் என்ன?

சொல்லலாம், முதல் வரைவுக்கு நல்லது. பாராமீட்டர் வடிவங்களையும் உதாரணங்களையும் அலுக்காமல் எழுதித் தரும். லாக்கைக் கொடுத்தால் எந்த இரண்டு டூல்கள் குழப்பிக்கொள்கின்றன என்றும் நன்றாகக் கண்டுபிடிக்கும். ஆனால் அது நிரலிலிருந்துதான் எழுதும். மாத இறுதியில் அந்த அறிக்கை ஒரு நாள் தாமதமாகும், 'நிலை 3' என்றால் உண்மையில் யாரும் தொடாத பழைய பதிவு என்பதெல்லாம் நிரலில் இருக்காது. அந்தக் கணினியோடு தினமும் வேலை செய்கிறவரை வரைவுக்கு முன் உட்காரவைத்து, எப்போது இதை எடுக்கக் கூடாது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிச் சேர்த்த பிறகு வெளியிடுங்கள்.